முட்டிக்கு மேலே நாலு விரல்

கார் பார்க்கப் போகும் இடத்தில் ஜெயசித்ரா எஞ்சினைத் திறந்து காட்டச் சொல்வதில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதும் இல்லை. நேராக இடது பக்கம் போவாள். முன்கதவை முழுக்கத் திறப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, சீட்டின் ஓரத்தில் காலை ஒட்டி நிற்பாள். சீட்டு அவள் முட்டிக்கு மேலே நாலு விரல் உயரத்தில் இருக்கவேண்டும். அதற்கு மேலே போனால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்துவிடுவாள்.

தென்காசியில் பழைய கார் விற்கிற இடங்களில் எல்லோருக்கும் அவளைத் தெரிந்துபோனது.

"யக்கா, காரு வாங்க வந்தியளா, சேலைக்கு அளவெடுக்க வந்தியளா?" என்று ஒரு புரோக்கர் கேட்டான்.

"வீல்சேருக்கு ஜோடி பாக்க வந்தேன். உங்கிட்ட இருக்கதெல்லாம் நெட்டையா இருக்கு," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வீல்சேரில் இருப்பவர் அவள் கணவர் சுடலைக்கண்ணு. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பனிமலைப் பாதைகளில் ரேஷனும் டீசலும் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வந்தவர். ஓய்வு பெற்று மேலகரத்துக்கு வந்தபிறகு தினமும் விடியற்காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போவார். தண்ணீர் விழுந்தால் குளியல், விழாவிட்டால் பாறையைப் பார்த்துவிட்டு ஒரு டீ. அப்படி ஒருநாள் குளித்துவிட்டு வந்து வீட்டு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து தம்ளர் நழுவியது. கையை விட்டுப் போனது தம்ளர் மட்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். வலது கால், வலது கை, வாயின் ஒரு ஓரம், மூன்றையும் பக்கவாதம் எடுத்துக்கொண்டது.

ஜெயசித்ரா சிவகிரிக்காரி. அப்பாவுக்கு வயலும் கிணறும் உண்டு. கல்யாணமாகி மேலகரம் வந்த காலம் முழுக்கப் புருஷன் எங்கோ எல்லையில் இருந்தார். உழவுக்கு ஆள் பிடித்தது, மாடி கட்டியது, சீசன் நாட்களில் மாடியைக் குற்றாலத்துக்கு வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது, மகளைப் படிக்கவைத்துச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பியது எல்லாம் அவள்தான். ஆண்துணை இல்லாமல் எதையும் செய்யக்கூடாது என்று அவளிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அவள் வேலையை முடித்திருப்பாள்.

சுடலைக்கண்ணு படுத்தபிறகு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து கார் ஓட்டக் கற்றாள். சொல்லித்தந்தவன் பிரேக்கில் காலை வைத்தபடியே இருந்தான். "நீ காலை எடுத்தாத்தான எனக்கு ஓட்ட வரும்?" என்று நடுரோட்டில் நிறுத்திச் சண்டை போட்டாள். லைசன்ஸ் வாங்கிவிட்டாள். கார்தான் இல்லை.

கார் மச்சினன் வீட்டில் இருந்தது. சுடலைக்கண்ணுவின் தம்பி இசக்கிமணி, போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். நல்ல உயரமான வண்டி வைத்திருந்தான். அண்ணன் மேல் உயிர். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றால் இரண்டு ஆட்களோடு வந்து நிற்பான். "ஏலே, நீ அந்தக் கையைப் பிடி, நீ காலைப் பிடி" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவான். அண்ணனை நெல் மூட்டை போலத் தூக்கி உள்ளே வைப்பார்கள். சுடலைக்கண்ணு அப்போது கண்ணை மூடிக்கொள்வார்.

போன பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்துச் சாஸ்தா கோவிலுக்குப் போனபோதுதான் அது நடந்தது. மலையடிவாரத்துக் குளத்துக்கரைக்கு அப்பால் கோவில். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தில் எல்லோரும் கூடுகிற நாள். பொங்கலுக்கு முதல் கை அரிசி போடுவது மூத்த ஆண். பட்டாளத்தில் இருந்த காலத்தில்கூடச் சுடலைக்கண்ணு அந்த நாளுக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவார். போன வருஷம் வண்டியிலிருந்து அவரை நாலு பேர் இறக்கினார்கள். உயரத்திலிருந்து இறக்கும்போது வேட்டி கதவில் மாட்டி அவிழ்ந்துபோனது. கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு துண்டைத் தூக்கிப் போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவர் திட்டியிருப்பார். அந்த வருஷம் அரிசியை இசக்கிமணி போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சுடலைக்கண்ணு ஒன்றே ஒன்று சொன்னார். "இனிமே என்னைத் தூக்காதீய."

அதற்குப் பிறகு அவர் வெளியே போகவில்லை. கைகாலுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்துவந்த பயிற்சியும் நின்றுவிட்டது. வீட்டுக்குள் அவரை யாரும் தூக்குவதில்லை. பயிற்சி கொடுத்த பெண் ஒரு வழி சொல்லித் தந்திருந்தாள். கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவே வழுவழுப்பான ஒரு பலகை. அதன்மேல் பவுடர் தூவி, இடது கையை ஊன்றி, அவரே சறுக்கி மாறிக்கொள்வார். ஜெயசித்ரா பக்கத்தில் நிற்பாள், தொடமாட்டாள். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மாசி முடிகிற சமயம், வீடு கூட்டும்போது அவர் நாற்காலிக்கு அடியில் அரிசி கிடப்பதைப் பார்த்தாள். அணில் வேலை என்று நினைத்துக் கூட்டித் தள்ளினாள். மறுநாளும் கிடந்தது. ஒரு மத்தியானம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சுடலைக்கண்ணு மடியில் அரிசிக் கிண்ணம். இடது கையால் ஒரு பிடி அள்ளி, உயிரில்லாத வலது உள்ளங்கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, பக்கத்து ஸ்டூலில் இருந்த செம்புக்குள் கவிழ்த்தார். பாதி உள்ளே விழுந்தது, பாதி தரையில்.

சாமி காரியத்துக்கு இடது கை ஆகாது. அதற்காகத்தான்.

"அண்ணே, இந்த வருசம் வாறீயளா?" என்று இசக்கிமணி போனில் கேட்டபோதெல்லாம் "நீயே போடுல" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஜெயசித்ரா சத்தமில்லாமல் அடுக்களைக்குள் திரும்பினாள். அடுத்த நாள் முதல் கார் தேட ஆரம்பித்தாள்.

இசக்கிமணிக்குத் தகவல் போனதும் பைக்கில் வந்து இறங்கினான்.

"மைனி, எதுக்கு இந்த அலைச்சல்? எங்கிட்ட வண்டி இருக்கு. நாலு ஆம்பளைங்க இருக்கோம்."

"அதான் தம்பி சிக்கலே."

"எது?"

"நாலு ஆம்பளைங்க இருக்கது."

அவனுக்குப் புரிந்தது. தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டான். "சரி, வாங்குததுதான் வாங்குதீய, என் வண்டி மாதிரி ஒசரமா வாங்குங்க. ரோட்டுல ஒரு மரியாதை. பள்ளம் மேடு பாக்காம போகலாம்."

"உங்க வண்டி சீட்டு என் இடுப்புக்கு வருது."

"ஒரு படி வச்சுத் தாறேன்."

"படி ஏற முடிஞ்சா அவுக நடந்தேல்லா கோவிலுக்குப் போயிருவாக?"

சின்னக் கார்களையும் பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது. ஆனால் கதவு குறுகல். வீல்சேரை ஒட்ட நிறுத்தினால் பலகையைச் சாய்க்க இடமில்லை. பின்னால் டிக்கியில் வீல்சேர் நுழையவில்லை. பின்சீட்டை மடக்கினால் நுழையும், ஆட்கள் நுழைய முடியாது. நாற்காலியா மனுஷரா என்று கேட்கிற கார் அவளுக்கு வேண்டாம்.

அப்போதுதான் குற்றாலத்தில் ஒரு வீட்டில் பெரிய டிக்கி வைத்த நீளமான கார் ஒன்று நிற்பதாகப் புரோக்கர் சொன்னான். "எடுக்க ஆளில்லாம கெடக்கு யக்கா. இப்பம் யாரு அந்த மாதிரி வண்டி வாங்குதா? தரையோட தரையா இருக்கும்."

"அட்ரஸ் சொல்லு," என்றாள்.

சுடலைக்கண்ணு மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து, வீல்சேரையும் பலகையையும் ஆட்டோவில் ஏற்றினாள். அவர் அரைக்கண்ணைத் திறந்து, "எங்க கொண்டு போற அத?" என்றார்.

"சக்கரத்துக்கு எண்ணெய் போடணும். முனங்குது."

வீட்டுக்காரர் பெயர் கணபதிசுப்பிரமணியன். தென்காசிக் கோவில் தெருவில் பிறந்து, வெளியூர்களில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு குற்றாலத்தில் வீடு கட்டியவர். இப்போது பெங்களூரில் இருக்கும் மகன் கூப்பிடுகிறான். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பப்போகிறார்கள். காரை விற்றாகவேண்டும். பலா மர நிழலில் தகரக் கொட்டகைக்குள் கார் நின்றது. சாம்பல் நிறம். ஒரு வீட்டு அறை அளவுக்கு நீளம்.

"முதல்லயே சொல்லிடறேன்," என்றார் அவர். "நான் குறையை மட்டும்தான் சொல்லுவேன். நல்லதை நீங்களே கண்டுபிடிச்சுக்கோங்கோ."

உள்ளேயிருந்து அவர் மனைவி சாவித்ரியின் குரல் வந்தது. "அதனாலதான் பார்க்க வந்தவா அத்தனை பேரும் மோர் குடிச்சுட்டுப் போயிட்டா."

அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. காரைச் சுற்றி நடந்தபடி சொன்னார். "நீளம் ஜாஸ்தி. சின்னத் தெருவுல ஒரே தடவையில திரும்பாது. பெட்ரோல் குடிக்கும். சீட்டு தாழ்வு. எனக்கு முட்டிவலி, எறங்கறதுக்குள்ள பிராணன் போறது. அடி தட்டும். வேகத்தடை உசரமா இருந்தா சத்தம் கேக்கும். அப்பறம் பின்சீட்டு."

"பின்சீட்டுக்கு என்னங்க?"

"ரொம்ப சௌகரியம். ஏறினவா காலை நீட்டிண்டு தூங்கிடுவா. ஓட்டறவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது."

ஜெயசித்ரா சிரித்துவிட்டாள். டிக்கியைத் திறந்து காட்டினார். ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் வீல்சேரை மடக்கிக்கூட வைக்கவில்லை, கொஞ்சம் ஒடுக்கி அப்படியே தள்ளினாள். போனது. பக்கத்தில் இன்னும் இடம் இருந்தது.

"இதுவும் ஒரு குறைதான்," என்றார் கணபதிசுப்பிரமணியன். "பெரிசா இருக்கேன்னு சொந்தக்காரா எல்லாத்தையும் இதுல போடுவா. அரிசி மூட்டை, வாழைத்தார், பலாப்பழம். எடை ஏறினா பின்பக்கம் எறங்கும். எறங்கினா இன்னும் தட்டும்."

அவள் இடது முன்கதவுக்குப் போனாள். கதவு அகலமாகத் திறந்தது. முட்டியை ஒட்டி நின்று பார்த்தாள். சீட்டு முட்டிக்கு மேலே இரண்டு விரல்தான் இருந்தது. இத்தனை நாள் பார்த்ததில் இது ஒன்றுதான் தாழ்வு. பரவாயில்லை என்று தோன்றியது.

"நான் கொஞ்சம் ஏறி எறங்கிப் பாக்கலாமா?"

"தாராளமா."

அவள் ஏறிய விதத்தைப் பார்த்து அவர் திகைத்துப்போனார். டிக்கியிலிருந்து வீல்சேரை எடுத்துக் கதவருகே ஒட்டி நிறுத்தி, அதில் தான் உட்கார்ந்தாள். பலகையின் ஒரு முனையைத் தன் தொடைக்கு அடியிலும் மறுமுனையைக் கார் சீட்டிலும் வைத்தாள். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள். இடது கையை மட்டும் ஊன்றிச் சறுக்கினாள். பலகை உள்ளே சரிவாக இருந்ததால் சுலபமாகப் போய் விழுந்தாள். காலை ஒவ்வொன்றாக இடது கையால் உள்ளே எடுத்து வைத்தாள்.

இப்போது வெளியே வரவேண்டும். பலகை மேல்நோக்கி ஏறியது. ஊன்றினாள், அரை அடி போனாள், திரும்பச் சறுக்கி உள்ளே வந்தாள். இன்னொரு தடவை. அதே. மூன்றாவது தடவை மூச்சு வாங்கியது. வலது கையைப் பயன்படுத்தினால் ஒரு நொடியில் வெளியே வரலாம். பயன்படுத்தவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

கணபதிசுப்பிரமணியன் கை கொடுக்க வந்தார்.

"வேண்டாம் சார். தூக்கக்கூடாது. அதான் கண்டிசன்."

சாவித்ரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் இலவம்பஞ்சை இறுக்கி அடைத்த ஒரு கனத்த திண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இது அழுந்தாது. இவர் அப்பா சாப்பிட உக்கார்றதுக்குப் போட்டுக்கறது. பாறைதான்."

ஜெயசித்ரா அதைச் சீட்டில் போட்டு உட்கார்ந்தாள். உயரம் இப்போது சரியாக வீல்சேருக்கு நேர் வந்தது. பலகையை வைத்தாள். ஊன்றினாள். ஊன்றுகிற இடது கை வெளிப்பக்கம். நல்ல கை முன்னால் போய் இழுக்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டாள். வீல்சேரில் உட்கார்ந்தபடி தலைப்பிலிருந்து வலது கையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"யாருக்கும்மா?" என்று சாவித்ரி மெல்லக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு."

கணபதிசுப்பிரமணியன் போய் டிக்கியைச் சாத்திவிட்டு வந்தார். "ஏசி குளிர நேரமாகும். அதைச் சொல்ல மறந்துட்டேன்."

"திண்டும் வண்டியோட வருதா?"

"அதுல மட்டும் குறை கிடையாது. எடுத்துக்கோங்கோ."

மாடி வாடகையில் சேர்த்ததும் ஒரு ஜோடி வளையலும் காருக்குப் போயின. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, வருத்தப்படவும் இல்லை. குற்றாலத்திலிருந்து மேலகரத்துக்கு அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் ஒரே தடவையில் திரும்பவில்லை. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்த் திருப்பினாள். எதிர்வீட்டுக்காரர் பைக்கைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, "ஏ யப்பா, கப்பல் வருது!" என்றார். "ஆமா அண்ணாச்சி, துறைமுகத்தை ஒதுக்கிக் குடுங்க," என்றாள்.

சுடலைக்கண்ணு ஜன்னல் வழியே பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வண்டி ரொம்பத் தாழ்வு," என்றார்.

"ஆமா."

"அடி தட்டும்."

"தட்டும். வித்தவரே சொன்னாரு."

"எல்லாத்தையும் தெரிஞ்சுகிட்டு ஏன் வாங்குன?"

"நீங்க ஏறிப் பாருங்க. பிடிக்கலன்னா சொல்லுங்க, வித்துருதேன்."

"யாரு தூக்க?"

"யாரும் இல்ல. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். தொட மாட்டேன்."

அவர் நாற்காலியை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் அவர் ஏறவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. காரைத் தினமும் துடைத்தாள். வாசலுக்கு நேராக, இடது கதவு வீட்டைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி வைத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் அவர், "ஏட்டி, பலகையை எடு," என்றார்.

முதல் தடவை பாதியில் நின்றுவிட்டார். உள்ளே சாயும்போது பிடிமானம் இல்லாத வலது பக்கம் முன்னே போகவேண்டியிருந்தது. அந்தப் பக்கம் தனக்கு உடம்பே இல்லை என்பதுபோல அவர் தயங்கினார். ஜெயசித்ராவின் கை தானாக நீண்டது. அதை இழுத்துக் கதவின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்து, இடது கையால் தள்ளினார். திண்டில் போய் உட்கார்ந்தார். வேர்த்திருந்தது. காலை எடுத்து வைத்துக்கொண்டார். கதவை அவரே சாத்தினார்.

கதவு சாத்துகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அவள் சுற்றிவந்து ஓட்டுநர் சீட்டில் ஏறினாள்.

குற்றாலத்துக்குப் போனார்கள். அருவியில் தண்ணீர் இல்லை. பாறை மட்டும் கறுத்துக் காய்ந்து நின்றது. காரைத் தூரத்திலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி அவர்களைக் கடந்து போனது. அவர் அதன் சக்கரங்களை நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கை முழுக்க அந்த உயரத்திலிருந்து கீழே பார்த்தவர்.

"தரையில உக்காந்து போற மாதிரி இருக்கு," என்றார்.

"பிடிக்கலையா?"

"அப்படிச் சொன்னனா?" கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "உத்திரம் என்னைக்கு?"

பங்குனி உத்திரத்தன்று காலையில் கணபதிசுப்பிரமணியன் சொன்னதெல்லாம் நடந்தது. டிக்கி பெரிது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் அதில் போட்டார்கள். பொங்கல் பானைகள், அரிசி, தேங்காய், விறகுக் கட்டு, வீல்சேர், பலகை. இசக்கிமணியின் மனைவி நிர்மலாதேவியும் இரண்டு அத்தைமார்களும் பின்சீட்டில் ஏறினார்கள். ஏறிய கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். இசக்கிமணி மற்றவர்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான்.

குளத்துக்கரை வரைக்கும் தடை இல்லை. கரைமேல் மண்பாதை. நடுவில் ஒரு மடை. வயலுக்குத் தண்ணீர் போகிற வழிக்கு மேலே பாதை திடீரென்று முதுகு போலத் தூக்கி இறங்கும். இசக்கிமணியின் வண்டி தாண்டிப் போய்விட்டது. ஜெயசித்ரா மெதுவாக ஏற்றினாள். முன்சக்கரம் ஏறியது. அடுத்து அடியில் கரகரவென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. பின்னால் தூங்கியவர்கள் விழித்துக்கொண்டு, "என்னட்டி, வந்துட்டா?" என்றார்கள்.

அவள் பின்னுக்கு எடுத்தாள். திரும்ப ஏற்றினாள். அதே இடத்தில் அதே சத்தம்.

அந்தப் பக்கத்திலிருந்து இசக்கிமணி இரண்டு மூன்று பேரோடு ஓடிவந்தான். "மைனி, நிறுத்துங்க, நிறுத்துங்க! அடி பேந்துரும். அண்ணனை என் வண்டிக்கு மாத்திருவோம். ரெண்டே நிமிசம். ஏலே, அந்தப் பக்கம் வா, கையைப் பிடி."

அவன் இடது கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டான். ஜெயசித்ரா பக்கத்தில் பார்த்தாள். சுடலைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வேட்டியை இடது கையால் கொத்தாகப் பிடித்திருந்தார்.

"தம்பி, கையை எடுங்க," என்றாள்.

"மைனி..."

"எல்லாரும் எறங்குங்க. அவுகளைத் தவிர."

"நாங்களாட்டி?" என்றாள் ஒரு அத்தை.

"நீங்களும்தான் அத்தை. நிர்மலா, எறங்கு. தம்பி, டிக்கியைத் தொறந்து எல்லாத்தையும் எடுங்க. பானை, விறகு, வீல்சேர், ஒண்ணு விடாம. அந்தப் பக்கம் கொண்டுபோய் வைங்க."

"இத்தனையும் சொமந்துகிட்டா?"

"ஆமா. போன வருசம் அவுகளைச் சொமந்தீங்கள்லா. இந்த வருசம் பானையைச் சொமங்க."

நிர்மலாதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சும்மா நிக்காதிய, எஸ்.ஐ. சார். விறகைத் தூக்குங்க," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, தானும் ஒரு பானையை இடுப்பில் எடுத்தாள். அத்தைமார் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். கார் பாரம் குறைந்து பின்பக்கம் கொஞ்சம் எழும்பியது.

சுடலைக்கண்ணு கண்ணைத் திறந்தார். கண்ணாடி வழியே மடையைப் பார்த்தார். அவர் பார்வை மாறியிருந்தது. எத்தனையோ வருஷமாக அவள் பார்க்காத பார்வை. போட்டோக்களில் லாரிக்கு முன்னால் நிற்கும்போது இருந்தது.

"நேரா ஏத்தாத," என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்தாலும் வார்த்தை தெளிவாக வந்தது. "நேரா ஏத்துனா வயிறு தட்டும். குறுக்க ஏத்து. முதல்ல உன் பக்கத்து டயர்."

"கரை சரிஞ்சிருமோ?"

"சரியாது. ஸ்டியரிங்கை ஒடி. இன்னும். ஆங். இப்பம் மெதுவா. கிளட்சைப் பாதியில வச்சுக்கோ. நிறுத்திராத. சத்தம் கேட்டாலும் நிறுத்திராத."

கார் கோணலாக ஏறியது. ஒரு சக்கரம் மேலே, ஒன்று கீழே. ஜன்னலுக்கு வெளியே குளத்துத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. ஒருமுறை அடியில் லேசாக உரசியது. அவள் நிறுத்தவில்லை. முதுகைத் தாண்டிப் பின்சக்கரமும் இறங்கியது.

"ம்," என்றார் சுடலைக்கண்ணு. அதற்கு மேல் பாராட்ட அவருக்குத் தெரியாது.

சாமான்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனபோது, கோவில் முன்னால் போன வருஷம் நின்ற அதே கூட்டம் நின்றது. ஜெயசித்ரா வீல்சேரை விரித்துக் கதவை ஒட்டி நிறுத்தினாள். பலகையை வைத்தாள். பவுடர் தூவினாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சுடலைக்கண்ணு பாதி தூரம் வந்து நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. இசக்கிமணியின் கால் ஒரு அடி முன்னே வந்தது. ஜெயசித்ரா அவனைப் பார்த்தாள். அவன் நின்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டென்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, ஸ்டேஷன் குரலில் கத்தினான்.

"இங்க என்ன வேடிக்கை? சாமியைப் பாத்துத் திரும்புங்க. ஏலே, உன்னைத்தான்!"

எல்லோரும் சாமியைப் பார்த்துத் திரும்பினார்கள். திரும்பி நிற்கையில் முதுகுக்குப் பின்னால் பலகை ஒருமுறை கிறீச்சிட்டது. வீல்சேரின் பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது. சக்கரம் மண்ணில் உருண்டது. அவரே இடது கையால் உருட்டிக்கொண்டு, கொஞ்சம் கோணலாக, அவர்களுக்கு நடுவே வந்தார்.

அடுப்பு மூட்டிக் கொஞ்சநேரத்தில் பானையில் தண்ணீர் பொங்கி நின்றது. பூசாரி அரிசித் தட்டை நீட்டினார். நீட்டியவர் அந்த உயிரில்லாத வலது கையைப் பார்த்துத் தயங்கினார். சுடலைக்கண்ணு தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். இடது கையால் ஒரு பிடி அள்ளி வலது உள்ளங்கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். பானை வீட்டுச் செம்பைவிட உயரமாக இருந்தது. தோள் நடுங்க இன்னும் கொஞ்சம் தூக்கிக் கவிழ்த்தார். நாலைந்து மணி நெருப்பில் விழுந்தது. மீதி உள்ளே போனது. பெண்கள் குலவை போட்டார்கள்.

ஜெயசித்ரா குலவை போடவில்லை. காரின் அடியில் குனிந்து, எங்கே உரசியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமாக ஒரு கீறல். ஒழுகவில்லை. எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு எந்த நாள் வரலாம் என்று கேட்கவேண்டும். அங்கே வாசலில் வேகத்தடை உண்டு. குறுக்கே ஏற்றினால் போகும்.

சாயங்காலம் திரும்பும்போது மடை வருவதற்கு முன்னால் அத்தைமார்களே கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. இசக்கிமணி ஓடிப்போய் மடையின் அந்தப் பக்கம் நின்று, போக்குவரத்தைச் சரிசெய்கிறவன் மாதிரி இரண்டு கையையும் ஆட்டினான்.

"மைனி, வாங்க! நேரா வாங்க, நேரா!"

"அவன் காட்டுத பக்கம் போயிராதட்டி," என்றார் சுடலைக்கண்ணு.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள்.